றெஜினா அக்காவின் மந்திரச் சின்னம்

“இது என்ர கோட்டு.”

றெஜினா அக்கா இதைச் சத்தமில்லாமல்தான் சொன்னார். அதனால் முதலில் நான் கவனிக்கவில்லை. பக்கத்து மேசையில் முழங்கை வரை நீளும் அறுபதுகளின் வெள்ளைக் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய பருத்திக் கோட்டுக்கு முன்னால் நின்றார். தேவாலயத்தில் நிற்பதுபோல அல்ல. வீடு புகுந்த திருடனைக் கண்டவர்போல.

இது நடந்தது இரண்டு வாரங்களுக்கு முந்தைய சனிக்கிழமை. ஒஸ்லோவின் குருனர்லோக்காவில், ஆற்றங்கரையில் இருக்கும் பழைய தொழிற்சாலை மண்டபத்தில், வின்டேஜ் உடைக் கண்காட்சி.

ஒஸ்லோவில் இப்போது இது ஒரு காய்ச்சல். ‘பழைய உடுப்பு’ என்றால் முகம் சுளித்தவர்கள், ‘வின்டேஜ்’ என்றதும் மழையில் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு ஞாயிறு தொப்பிகளுக்கென்றே கண்காட்சி. இன்னொரு வாரம், எழுபதுகளின் உடையில் வந்தால்தான் உள்ளே விடும் நடன விருந்து. பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் நடத்தும் பழம்பொருள் சந்தைகளில் கூட இப்போது உடுப்பு மூலையில்தான் நெரிசல். எனக்கும் இவை பிடிக்கும். மறைப்பானேன்? ஹவுகெட்டோவில் ரயில் ஏறி, ஒரு பகல் முழுவதையும் பழைய பொத்தான்களுக்காகச் செலவழித்துவிட்டு வருகிறவள் நான்.

அன்று றெஜினா அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இருப்பது ஸ்டோவ்னரில். வேலை, முதியோர் இல்லத்தில். ஆனால் ஒஸ்லோத் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அவரைச் சட்டை தைப்பவராகத்தான் தெரியும். பழைய கழுத்து வெட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அவர் எந்த உடுப்பையும் வெளிப்பக்கம் பார்க்கவில்லை. உட்பக்கத்தைப் புரட்டித்தான் பார்த்தார்.

“இஞ்சை பார் பிள்ளை, தையலுக்கு ஒரு அங்குலம் விட்டிருக்கிறாள். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரிச்சுத் தைக்கலாம். இவள் மனுசி!”

ஐம்பதுகளில் எங்கோ ஒரு நோர்வேஜியப் பெண் தைத்த கவுன். தைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. அதையும் றெஜினா அக்காதான் கவனித்துச் சொன்னார்.

மண்டபத்தின் கடைசி மூலைக்கு ‘உழைத்த உடைகள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தபால்காரரின் கம்பளிக் கோட்டு, தாதியின் ஏப்ரன், கப்பல் பட்டறையின் நீலச் சட்டை. கடைசியாக இந்தக் கோட்டு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். காலரின் உட்பக்கம் தெரியும்படி மடித்துவிட்டு, அதன்மேல் ஒரு சிறு விளக்கையும் போட்டிருந்தார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது ஒரு தமிழ் எழுத்து. அழியாத கறுப்பு மையில், ‘றெ’.

கீழே இருந்த குறிப்பை அப்படியே தமிழில் தருகிறேன்: ‘மீன் தொழிலாளியின் கோட்டு. பின்மார்க், எண்பதுகள். காலரில் உள்ள அலங்காரக் குறி, கடலின் ஆபத்துகளிலிருந்து காக்கும் மந்திரச் சின்னமாகக் கருதப்படுகிறது.’

கருதப்படுகிறது. யாரால்?

பத்திரிகையில் நான் வேலை பழகிய காலத்தில், இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் தாள் கிழிந்து குப்பைக்குப் போகும். ‘கருதப்படுகிறது’ என்றால் எழுதியவருக்குத் தெரியாது, யாரையும் கேட்கவும் இல்லை என்று பொருள்.

றெஜினா அக்கா குறிப்பை இரண்டு தரம் வாசித்தார்.

“கடலோ? நான் எப்ப கடலுக்குப் போனனான்? எட்டு மணித்தியாலம் மேசைக்கு முன்னால நிண்டு மீன் வெட்டினனான். கடலை யன்னலுக்குள்ளாலதான் பார்த்தது. அதுவும் கோப்பி குடிக்கேக்கை.”

நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் அவர் ஏழு வருடம் வேலை செய்தவர். வெட்டிய மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே விரல்நுனி உணர்விழந்த ஆட்கள் நமக்குள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர்.

அந்த ‘றெ’ வந்த கதையை அவரே சொன்னார். “ராணி, ரஞ்சினி, நான். மூண்டு பேருக்கும் ஒரே அளவுக் கோட்டு. எல்லாம் ஒண்டாத்தான் தோய்க்கப் போகும். போர்மன் சொன்னவன், பேரின்ர முதல் எழுத்தைக் காலரில எழுதுங்கோ எண்டு. எழுதினம். மூண்டும் R! ராணியின்ரயை நான் போட, என்ரயை ரஞ்சினி போட, திங்கக்கிழமை விடிஞ்சால் சண்டை. பிறகு புதுக் கோட்டுத் தரேக்கைதான் தமிழில எழுதினது. அவள் ‘ரா’, மற்றவள் ‘ர’, நான் ‘றெ’. மந்திரமாம் மந்திரம்... இது சலவைக் குறியடி பிள்ளை!”

சிரித்திருப்பேன். ஆனால் பக்கத்தில் ஒரு மேசை இருந்தது. அதன்மேல் துணிப்பைகள். ஒவ்வொரு பையிலும் அதே ‘றெ’, உள்ளங்கை அகலத்தில் அச்சடித்திருந்தார்கள். தலைகீழாக!

கண்காட்சியின் பொறுப்பாளர் இங்வில்ட் என்ற இளம்பெண். நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். றெஜினா அக்கா அவளிடம் நேராகப் போய், இது என் கோட்டு, இது என் பெயரின் முதல் எழுத்து, குறிப்பில் என் பெயரைப் போடு என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. கோட்டைக்கூடக் கேட்கவில்லை. பெயர் மட்டும்.

இங்வில்ட் முகம் மலர்ந்தது. “ஐயோ, எவ்வளவு அழகாக வடக்கத்திப் பேச்சுப் பேசுகிறீர்கள்!”

உண்மைதான். ஒஸ்லோக்காரர் ‘நான்’ என்பதற்கு ‘யாய்’ என்பார்கள். றெஜினா அக்கா இன்னும் பாட்ஸ்பியோர்ட்காரரைப்போல வெறும் ‘ஏ’ என்பார். ஏழு வருடம் அந்த ஊரில் நின்றதற்கு வாயிலேயே முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையைக் கேட்டு ரசித்துவிட்டு இங்வில்ட் அடுத்துக் கேட்டாள்: “ஆனால் இது உங்களுடையது என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? இந்தக் கோட்டைப் போட்டபடி ஒரு புகைப்படம்?”

றெஜினா அக்கா என்னைப் பார்த்தார். தமிழில் சொன்னார்: “மீன் வெட்டேக்கை ஆர் படம் எடுக்கிறது? கலியாண வீடே அது?”

இதற்குள் இங்வில்ட் கூட்டத்தில் யாரையோ கண்டு ஓடினாள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்ற ஒரு இளைஞரைக் கையோடு கூட்டி வந்தாள். சென்னைக்காரர். மென்பொருள் கம்பெனி வேலைக்காக வந்து மூன்று மாதமாம். இந்த எழுத்து உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். “தமிழ்தான். என்ன பேருங்க?”

“றெஜினா” என்றார் அக்கா.

“அப்படின்னா சின்ன ர தானே வரணும்? இது பெரிய ற-வாச்சே. தப்பா எழுதியிருக்காங்க.” பிறகு, நல்ல பிள்ளையாக, அதை ஆங்கிலத்திலும் இங்வில்டிடம் சொன்னார். தமிழ்தான், ஆனால் எழுத்துப் பிழை.

போச்சு.

இங்வில்டின் முகத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. தன் பெயரையே ஒருவர் பிழையாக எழுதுவாரா? அப்படியானால் இது வேறு யாருடையதாகவும் இருக்கலாம் அல்லவா?

“தம்பி, இஞ்சை பாரும்.” றெஜினா அக்காவின் குரல் இப்போது மண்டபத்தின் மறுபக்கத்துக்கும் கேட்டது. “எங்கட ஊரில றேடியோவும் இந்த ‘ற’தான். றோட்டும் இந்த ‘ற’தான். நானும் இந்த ‘ற’தான். ஞானஸ்நானப் பத்திரத்தில சுவாமியார் எழுதினது. நீர் பிழை எண்டால், அவரிட்டைப் போய்ச் சொல்லும்!”

“இல்ல மேடம், நாங்க ரேடியோவுக்கும் சின்ன ர தான்...”

“உங்கட ரேடியோ உங்களுக்கு. என்ர பேர் எனக்கு.”

இரண்டு தமிழர், நோர்வேயின் தலைநகரில், ஒரு கோட்டுக் காலருக்கு முன்னால் நின்று சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் வழக்காடுகிறார்கள். ஒரு நோர்வேஜியப் பெண் மாறி மாறி இருவர் முகத்தையும் பார்க்கிறாள். நல்ல வேளை, அந்த இளைஞர் நியாயமான மனிதர். கடைசியில் தலையைச் சொறிந்தார். “சாரி மேடம், இலங்கையில அப்படி எழுதுவாங்கன்னு தெரியாது. நான் சொல்லிடுறேன்.” அவர்கள் ஊரில் இதுதான் சரி என்று இங்வில்டுக்கு விளக்கினார். அவள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். ‘வட்டார வேறுபாடு.’

அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “மந்திரச் சின்னம் என்று எழுதினீர்களே, அதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?”

இங்வில்ட் சிவந்துபோனாள். “எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படித் தோன்றியது... அழகாகவும் இருந்தது.”

கவனியுங்கள். கற்பனைக்கு ஒருவருக்குத் தோன்றினால் போதும். உண்மைக்குப் புகைப்படம் வேண்டும், சாட்சி வேண்டும், சாட்சிக்கு இலக்கணமும் வேண்டும். கோட்டை விற்றவரிடம் இது யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. தொழிற்சாலைக் களஞ்சியத்தைத் துப்புரவாக்கியபோது கட்டாகக் கிடைத்ததாம். அந்த ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால், யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்: தமிழ்ப் பெண்கள் போட்டது என்று. எடுக்கவில்லை. வடக்கு, பனி, கடல், மந்திரம்... கதை ஏற்கெனவே தயாராக இருந்தது. அதில் குறுக்கே வர, யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இடம் இல்லை.

குறிப்பை மாற்றுவதாக இங்வில்ட் உறுதி கொடுத்தாள். பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று றெஜினா அக்காவின் வங்கி அட்டையை வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டாள். பைகளையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு உற்சாகம் தாங்காமல் ஒரு யோசனை சொன்னாள். மறுநாள் அங்கே ஃபேஷன் ஷோ. நீங்களே இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நடந்து வந்தால் எப்படி இருக்கும்?

“ஏ” என்று தொடங்கினார் றெஜினா அக்கா, வடக்கத்தி மொழியில். “நான் ஒஸ்லோவுக்கு வந்ததே அந்தக் கோட்டை இனிப் போடாமல் இருக்கத்தான்.”

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். போன சனிக்கிழமை, கண்காட்சியின் கடைசி வார இறுதி, மறுபடி போனோம். றெஜினா அக்கா காதில் தோடு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கேமராவை என்னிடம் தந்து, குறிப்பும் தெரிகிற மாதிரிப் படம் எடு என்று சொல்லிவைத்தார். பிள்ளைகளுக்கு அனுப்பவாம்.

புதிய குறிப்பு இருந்தது. கெட்டி அட்டையில், பெரிய எழுத்தில்: ‘சந்தியாப்பிள்ளையின் கோட்டு. இலங்கையிலிருந்து வந்த சந்தியாப்பிள்ளை, பாட்ஸ்பியோர்ட்டில் ஏழு வருடம் மீன் வெட்டினார். காலரில் இருப்பது அவருடைய பெயரின் முதல் எழுத்து.’

கேமராவைக் கீழே இறக்கினேன்.

சந்தியாப்பிள்ளை, றெஜினா அக்காவின் அப்பா! வங்கி அட்டையில் கடைசியாக இருந்த பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்து, கௌரவமாக அதை மட்டும் போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் நம் எல்லோருக்கும் இது பழகியதுதான். வைத்தியசாலையில் நம் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பது அப்பாதானே?

“அப்பா எப்ப பிள்ளை நோர்வேக்கு வந்தவர்?” என்றார் றெஜினா அக்கா. சிரிக்கவில்லை. “அந்த மனுசன் தபால் கந்தோரில இருந்தவர். மீன் மணத்துக்கு மூக்கைப் பொத்துவார். என்னைப் பார்க்க வாறதுக்கு ரெண்டு தரம் விசாவுக்குப் போட்டவர். ரெண்டு தரமும் இல்லையெண்டு எழுதினவங்கள். ஆள் போய்ச் சேர்ந்தாப்பிறகு, கேளாமலே கூப்பிட்டுச் சுவரில ஏத்தியிருக்கிறாங்கள்.”

இங்வில்ட் ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டாள். திங்கட்கிழமை புதிதாக அச்சடித்துவிடுவேன் என்றாள். ஆனால் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது.

நான் நினைத்தது என்ன தெரியுமா? வர விடாத ஊரில் அப்பாவின் பெயராவது இருக்கட்டும் என்று அக்கா விட்டுவிடுவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போவோம் என்று. அப்படி நினைத்தது என் பிழை.

“அப்பாவை இறக்கு” என்றார் இங்வில்டைப் பார்த்து. முதலில் தமிழில், பிறகு அவளுக்கு விளங்கும் மொழியில். “அவர் மீன் வெட்டேல்லை. வெட்டினது நான்.”

இங்வில்டிடம் பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். சந்தியாப்பிள்ளை என்று இருந்த இரண்டு இடங்களிலும் றெஜினா அக்கா தானே கோடு கிழித்தார். மேலே, அழுத்தி, தன் பெயரை எழுதினார். முழுதாக. இரண்டு மொழியிலும்.

வின்டேஜ் கண்காட்சிகளுக்கு நீங்களும் போங்கள். நிச்சயமாக ரசிப்பீர்கள். பையில் ஒரு பேனா மட்டும் இருக்கட்டும்.