பிஸ்கட் டப்பா டாக்டர்

எங்கள் வீட்டு டாக்டர் என் தம்பிதான். மருந்தியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். அதற்குள் தெருவே அவனை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்ததில் துரைக்குத் தலைகால் புரியவில்லை.

அவனுடைய ஆஸ்பத்திரி ஒரு பிஸ்கட் டப்பா. கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் நண்பர்கள் போட்டது போக மிச்சம் வைத்த மாத்திரைகளெல்லாம் அதில் வந்து சேரும். அட்டை நீளமாக இருந்தால் டப்பா மூடாதாம். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிப் போடுவான். பேர் அச்சடித்த ஓரம் குப்பைக்குப் போய்விடும்.

"பேர் எதுக்குக்கா? எனக்குப் பாத்தாலே தெரியும்" என்பான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போகலாம் வா என்றால் என்மேல் எரிந்து விழுவாள். "வீட்லயே படிச்ச புள்ளை இருக்கறப்ப வெளில எதுக்குடி?" தினமும் காலையிலும் ராத்திரியிலும் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தான். வலி விட்டது, சாப்பாடுதான் இறங்கவில்லை. வயிறு எரிகிறது என்றாள். அதற்கும் டப்பாவிலிருந்தே ஒன்று வந்தது.

இந்த லட்சணத்தில் கல்லூரியில் ஒரு பேச்சுப்போட்டி. டாக்டரைக் கேட்காமல் மருந்து சாப்பிடுவதன் ஆபத்துகள்தான் தலைப்பு. முதல் பரிசு யாருக்கு? நம்ம துரைக்குத்தான்! கோப்பையைக் கொண்டுவந்து டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க வாய் கிழியப் பேசிட்டு இங்க என்னடா பண்றே?"

"அதெல்லாம் தெரியாம முழுங்கறவங்களுக்குக்கா. நான் படிச்சவன்."

வெட்கங்கெட்ட ஜென்மம்.

அந்த வாரமே அம்மா ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவசரமாகக் கேட்டார்: "என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டா இரைப்பையில புண்ணு வந்து..." என்று பரிசு வாங்கிய பேச்சை எடுத்துவிட்டான் இவன்.

"அது எனக்குத் தெரியும். பேரைச் சொல்லுப்பா!"

"வெள்ளையா... வட்டமா இருக்கும்."

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். நானாக இருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். அம்மா பிழைப்பாளா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அன்றைக்கு எனக்கு உயிரே இல்லை.

எப்படியோ பிழைத்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்த அன்று நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் ஒரு மாத்திரையை நீட்டினார். அம்மா வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"எம்புள்ளைகிட்ட காட்டுங்க. அவன் சரின்னாத்தான் போடுவேன்."

அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை; பேர் கிடையாது. இனியாவது வாயை மூடிக்கொண்டு இருப்பான் என்று நினைத்தேன். கிண்ணத்தை வாங்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினான்.

"போடலாம்மா."