விசில்காரரின் கண்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. விசில்காரர் என்றால்தான் தெரியும். வார நாட்களில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். மீட்டர் வேலைக்கு ஓய்வு வந்தது. விசிலுக்கு அவர் ஓய்வு கொடுக்கவில்லை. தோற்கிற அணிக்காரர்கள் காலமெல்லாம், "யோவ், கண்ணு தெரியலையா?" என்று கத்திக் கத்தி, அந்தக் கேள்வி அவர் காதில் ஏறுவதே நின்றுபோயிருந்தது. உண்மையிலேயே கண் மங்கத் தொடங்கியபோதும் அதனால்தான் அவர் சட்டை செய்யவில்லை.

சட்டை செய்தவள் தங்கை. பேக்கரியில் கேக் அலங்கரிப்பவள். கணவன் போன பிறகு அண்ணனோடு மாடிவீட்டில் இருந்தாள். கதவோரம் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து, "வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்று அண்ணன் உபசரித்த அன்றே அவள் பேச்சை எடுத்தாள்.

"கண் டாக்டரைப் பார்க்கலாம், வாண்ணே."

"என் கண்ணுக்கென்ன? இந்த வீட்டுலதான் வெளிச்சம் பத்தல."

படிக்கட்டை இறங்கி முடித்துவிட்டோம் என்று நினைத்துக் காலை வைப்பார்; இன்னும் ஒரு படி பாக்கி இருக்கும். முழங்கால் வீங்கினால், "மேட்ச்ல ஒருத்தன் இடிச்சிட்டான்" என்று சமாளிப்பார்.

ஒரு ஞாயிறு மாலை, மைதானத்துக்கு இறங்கும் சிமெண்டுப் படியில் கால் தவறிக் குப்புற விழுந்தார். அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கேப்டன்களும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள்.

"மெதுவாடா! இல்லேன்னா ரெண்டு பேருக்கும் மஞ்சள் அட்டைதான்."

மணிக்கட்டுச் சுளுக்கோடு தப்பினார். தங்கை இந்த முறை கெஞ்சவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கண் டாக்டர் ஒரு சிரித்த முகக்காரி. இரண்டு கண்ணிலும் புரை என்றாள். பிறகு அவர் பல வருடமாகப் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல கீழ்ப்பாதி படிக்கிறதுக்குங்க. அது வழியா படியைப் பார்த்தா படி மங்கலாத்தான் தெரியும். நடக்கிறதுக்குத் தனியா ஒண்ணு போட்டுக்கணும்."

"அப்போ இத்தனை நாளா நான் கொடுத்த தீர்ப்பெல்லாம்?"

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லைங்க."

தங்கை சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தபோது ஆட்டக்காரர்கள் கும்பலாக வந்து இறங்கினார்கள். மைதானத்தில் கோடு போடும் வெள்ளைப் பெயிண்டால் ஒவ்வொரு மாடிப்படியின் விளிம்பிலும் பட்டை அடித்தார்கள். எலக்ட்ரீஷியனான கோல்கீப்பர் இருட்டு மூலையில் பல்பு மாட்டினான். காலைத் தட்டும் கூடத்து விரிப்பைத் தங்கை சுருட்டிப் பரணில் போட்டாள். விசில்காரர் கறுப்புக் கண்ணாடியோடு மேல்படியில் உட்கார்ந்து, "கோடு கோணலாப் போகுது பாரு!" என்று அதிகாரம் செய்தார். கோணலாகத்தான் போயிருந்தது. பையன்கள் அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள்.

இரண்டாவது கண்ணும் தெளிந்த பிறகு தங்கையின் பேக்கரிக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்ணெய் ரோஜாக்கள். ஒவ்வோர் இதழின் ஓரமும் சுருண்டு, உள்ளே போகப் போக நிறம் கூடியிருந்தது. மூக்கு பெட்டியில் இடிக்கக் குனிந்து நின்றார். பின்னால் வரிசை நீண்டது.

"இதெல்லாம் நீ செஞ்சதா?"

"வாரா வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தேனே. முழுங்கினியே, பார்த்தியா?"

"இப்பப் பார்த்துட்டேன், தாயே. ரெண்டு குடு."

அடுத்த ஞாயிறு மைதானத்தில் அவருக்குக் கைதட்டல் எழுந்தது. விசில்காரர் ஒரு கையால் படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, மறு கையை மந்திரிபோல் ஆட்டிக்கொண்டே, வெட்கமில்லாமல், படிப்படியாக இறங்கினார்.