சேறு போன பக்கம்

ஹாலில் இருந்த அரிகா பாம் செடி தொட்டி கொள்ளாமல் பெருத்துவிட்டது. இன்று காலையில் அதைப் பிடுங்கி, பின்னிக்கிடந்த வேர்களை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு கன்றாகப் பிரித்தேன். ஈர மண் வாசனை மூக்கில் ஏறியதும், கை தானாக ஒரு கன்றைப் புறங்காலில் ஓங்கி அடித்தது. டைல்ஸ் எல்லாம் சேறு.

நைனார்பாளையத்தில் அம்மா நாற்று பறிக்கும்போது, வேர்மண் உதிர இப்படித்தான் காலில் அடிப்பாள். ஒருமுறை, கோழி யார் வீட்டில் முட்டையிட்டது என்ற சண்டையில் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் பேச்சை விட்டிருந்தார்கள். நாற்றங்காலில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து நின்றார்கள். திடீரென்று அம்மா அடித்த சேறு சித்தியின் முகத்தில் அப்பியது.

“இன்னாக்கா, கண்ணு தெரிலியா?” என்றாள் சித்தி.

“சேத்துக்குக் கண்ணு இருக்குதா இன்னா?” என்றாள் அம்மா.

சித்தி தன் நாற்று முடியைக் காலில் ஓங்கி அடித்தாள். அம்மாவின் மூக்குத்தி சேற்றில் மறைந்தது. இருவரும் வரப்பில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. சாயங்காலம் சித்தி வீட்டிலிருந்து முட்டைக் குழம்பு வந்தது.

நேற்றிலிருந்து என்னோடு பேசாத வீட்டுக்காரர், சோபாவில் இருந்தபடி பேப்பரை இறக்கி டைல்ஸைப் பார்த்தார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சேறு போயிருந்தது. அம்மா அன்றைக்குத் தெரிந்தேதான் அடித்திருக்கிறாள்.

அடுத்த கன்றை எடுத்துக்கொண்டு, காலை சோபா பக்கம் திருப்பி வைத்தேன்.