எல்லாரும் ஆஜர்

என் நண்பனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமமொன்றில் ஐந்தாறு பிளேசர் கோட்டுகள் வந்து இறங்கின. பிளேசர்களுக்குள் ஆட்களும் இருந்தார்கள். பங்குனி வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பக்கத்துக் களத்தில் மிளகாய் வற்றல் காய்ந்தது. இறங்கிய வேகத்தில் எல்லாரும் தும்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பாவம், எப்படிக் கலங்குதாவ பாரு" என்றார் ஊர்க்காரர் ஒருவர்.

என்னிடமும் ஒரு பிளேசர் உண்டு. அது கோவில்பட்டியில் பீரோவுக்குள் இருக்கிறது. என் வயிற்றுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை முறிந்து பல வருடம் ஆகிறது.

நாங்களெல்லாம் இளவயதில் சென்னையில், ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகத்தில் ஒன்றாகப் புழுதி தின்றவர்கள். நான் ஐந்து வருடம் இருந்து கேப்டனாக வெளியே வந்துவிட்டேன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக அதிகாரி. விடுதிச் சாம்பாரில் பல்லி விழுந்தால் அதை விசாரிக்கும் உச்ச அதிகாரம் எனக்குத்தான். மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். அவற்றைப் படித்து நண்பன் ஒருவன்தான் சத்தமாகச் சிரிப்பான். அவன் கர்னல் வரைக்கும் போய் ஓய்வுபெற்று, அப்பாவின் நிலத்தில் மிளகாயும் பருத்தியும் போடப்போகிறேன் என்று ஊருக்குத் திரும்பினான். எங்கள் அணியில் அதிக உயரம் போனவர் ஒரே ஒருவர், பிரிகேடியர். கோயம்புத்தூர்க்காரர். உடன் படித்தவர்தான் என்றாலும் அந்த உயரத்துக்குப் பிறகு 'அவன்' என்று எழுத என் பேனா மறுக்கிறது. இதுவும் ஒரு வியாதிதான்.

எங்கள் நட்பு ஒரு பொய்யில் பிறந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் கழகத்தில் விடியுமுன் அணிவகுத்து நிற்போம். பொறுப்பிலுள்ள கேடட் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட, அவனவன் "சார்" என்று கத்த வேண்டும். முடிவில் "எல்லாரும் ஆஜர், எல்லாம் சரி" என்று மேலே ரிப்போர்ட் போகும். ஒருவன் காய்ச்சலில் கிடப்பான், ஒருவன் சுவர் ஏறிக் குதித்துப் படம் பார்க்கப் போய் இன்னும் திரும்பியிருக்க மாட்டான். ஆனாலும் எல்லாம் சரி. இல்லாதவனின் எண் வரும்போது பின்வரிசையில் யாராவது தொண்டையை மாற்றிக் கத்திவிடுவான். அதற்குக் குரல் கொடுப்பது என்று பெயர். நான் கழிப்பறையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஒரு காலையில் என் நண்பன் எனக்குக் குரல் கொடுத்து மாட்டிக்கொண்டு, தண்டனையாக மைதானம் முழுக்க உருண்டான். அன்றிலிருந்து சிநேகிதம். குரல் கொடுக்காதவன் மனிதனே இல்லை என்பது எங்கள் வேதம்.

ஓய்வுபெற்ற பிறகு வேதம் வாட்சப்புக்குக் குடிபெயர்ந்தது. தினமும் காலையில் ஒவ்வொருவனும் குழுவில் "ஓகே" என்று போட வேண்டும். கூடவே ரோஜாப்பூ, தேசியக் கொடி, சர்க்கரை நோய்க்குப் பாகற்காய். நண்பனும் போட்டுக்கொண்டுதான் இருந்தான். உண்மையில் அவனுக்குத் தூக்கம் போய் வெகு காலமாகியிருந்தது. வடக்கே ஒரு மலைச்சரிவில் அவன் அனுப்பிய ஆட்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. அதைப் பற்றி அவன் பேசியதில்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டால், "அந்த லீவு மட்டும் சாங்ஷன் ஆகலடா" என்பான். பருத்திக்காட்டு வரப்பில் சென்ட்ரி மாதிரி சுற்றிச் சுற்றி வருவான். திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் இரண்டு மூன்று முறை நான் கூட்டிப்போனேன். நோயின் பெயரைச் சொல்லி, தொடர்ந்து வரச் சொன்னார் மருத்துவர். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இவன் நின்றுவிட்டான். எதிரியைப் பார்த்துப் பயப்படாதவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரன் எவனாவது எதிரே வந்துவிடுவானோ என்று முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிரிகேடியருக்கு இதெல்லாம் தெரியும். நான் சொல்லியிருந்தேன், நண்பனே போன் போட்டும் சொல்லியிருக்கிறான். "நல்லா ஓடு, வேர்க்கட்டும், எல்லாம் போயிரும்" என்று வைத்தியம் சொன்னாராம். பிறகு நாலைந்து நாள் நண்பனிடமிருந்து குழுவில் "ஓகே" வரவில்லை. எங்கே ஆள் என்று யாரோ கேட்டார்கள். பிரிகேடியர் உடனே பதில் போட்டார்: "பேசினேன். ஓகே. மிளகாய்ப் பறிப்பில் பிஸி." கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன.

அந்த வாரமே என் நண்பன் தன்னை முடித்துக்கொண்டான். எப்படி என்று எழுதப்போவதில்லை. ஊர் அதைத்தான் முதலில் கேட்டது. அடுத்து ஊர் கேட்டது, யாரால் என்று. அதற்கு அவன் சித்தப்பாவிடம் பதில் தயாராக இருந்தது.

"பட்டாளத்துல சாவாதவன் வீட்டுல வந்து செத்திருக்கான்னா யாரால? டவுனுக்குப் போவோம், டவுனுக்குப் போவோம்னு பொண்டாட்டி அரிச்சே கொன்னுட்டா."

அது நோய், டாக்டரே சொன்னார், கூட்டிப்போனது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரு காலேஜு கேட்டுல நிக்கிறவருதான? உமக்கு என்னவே தெரியும்?"

பல்லி விசாரணைகளில் நான் காட்டும் கம்பீரம் அந்த வீட்டு வாசலில் எடுபடவில்லை. சாவு விழுந்த நாளிலிருந்து சித்தப்பா அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயிலில் வந்து உட்காருவார், சொம்பை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து வீட்டில் வாங்கிக் குடிப்பார். அதைப் பார்த்து மற்ற பங்காளி வீடுகளும் அப்படியே செய்தன.

நண்பனின் மனைவி எத்தனையோ கன்டோன்மென்ட்டுகளில் குடித்தனம் நடத்தியவள். பார்ட்டிகளில் ஆங்கிலத்தில் கதை சொல்லி ஜெனரல்களைச் சிரிக்க வைத்தவள். துக்கம் அவளை நேரே ஊர்ப் பேச்சில் இறக்கிவிட்டிருந்தது. பதினாறாம் நாள் காலை, பிளேசர்கள் வருமுன் என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, நான் சொன்னா, புருசன முழுங்குனவ பேச்சுங்காவ. நீங்க சொன்னா சேக்காளி பேச்சுங்காவ. உங்க பெரிய சார் எல்லாருக்கும் முன்னால ஒரு வார்த்த சொல்லட்டும். சீக்கு, அதனாலதான் போனாவன்னு. நாளைக்கு நானும் எம்மகளும் இந்தத் தெருவுல நடக்கணுமில்லா."

பிரிகேடியர் காரிலிருந்து இறங்கியதும் கும்பிட்டு முடித்து, மறுபடியும் காருக்குள்ளேயே போய் ஏசியில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே நின்றேன். கண்ணாடி நாலு விரல்கடை இறங்கியது.

"டேய், ஹார்ட் அட்டாக்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. ரெஜிமென்ட்டுக்கும் அப்படித்தான் போயிருக்கு. இப்ப மாத்தினா அசிங்கம்."

"ஊருக்கே தெரியும் சார்."

"தெரியறது வேற, சொல்றது வேற. அவன் பேர் என்ன ஆகும்?"

"அவன் பொண்டாட்டி பேர் நாறிக்கிட்டிருக்கே, அது?"

"அது ஃபேமிலி மேட்டர். எமோஷனல் ஆகாதே."

கண்ணாடி ஏறியது. அதில் என் முகம் தெரிந்தது. மூக்கு மிளகாய் நெடியில் சிவந்திருந்தது. காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யார் வீட்டு வாசல் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

சடங்குகள் முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போடுமுன் பந்தலில் எங்கள் 'மரியாதை' நடந்தது. எங்கள் கூட்டங்களில் எல்லாம் இது உண்டு. அணியில் மூத்தவர் பழைய எண்களைக் கூப்பிடுவார், அவனவன் "சார்" என்பான். செத்துப்போனவன் எண் வரும்போது எல்லாருமாகச் சேர்ந்து "ஆஜர், சார்" என்று கத்துவோம். கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். எங்களுக்கும் புல்லரிக்கும்; அதற்காகத்தான் செய்வதே.

போட்டோவுக்கு ராட்சத மலர் வளையம் சார்த்தி, "உறக்கத்தில் அமைதியாக விடைபெற்ற வீரன்" என்று பிரிகேடியர் ஆரம்பித்தார். உறக்கமாம். அந்தச் சொல்லை அவர் எங்கே தேடிப் பிடித்தார் என்று தெரியவில்லை. பிறகு எண்கள். நண்பனின் எண் வந்தது. நாங்கள் அடிவயிற்றிலிருந்து கத்தினோம். நானும்தான் கத்தினேன், குதிகால்கள் ஒட்டிக்கொண்டன, வாய் தானாகத் திறந்தது.

"இல்ல."

அவள் நடைவாசலில் நின்றிருந்தாள். பெண்கள் கூட்டம் கையைப் பிடித்து இழுத்தது. உதறிவிட்டுப் பந்தலுக்குள் வந்தாள்.

"அவிய ஆஜர் இல்ல சார். உயிரோட இருக்கையிலயும் நீங்கதான் குரல் கொடுத்தீய. பேசுனேன், ஓகேன்னு போட்டீய. அத எங்கிட்ட காட்டுனாவ. பாத்தியாட்டி, நான் ஓகேயாம்னு சிரிச்சாவ."

அவள் போட்டோவைக் காட்டினாள்.

"திரும்பக் கூப்பிடுங்க. இப்ப யாரும் பேசாதீங்க."

பிரிகேடியர் என்னைப் பார்த்தார். பிறகு மற்ற பிளேசர்களைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் விறைப்பாக நின்று அந்த எண்ணைக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் எண் காற்றில் போய்த் திரும்பி வரவில்லை. தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் ஓடியது. எங்களில் ஒருவன் தும்மலை அடக்கிக்கொண்டு குலுங்கினான். இம்முறை தும்மல்தானா என்று எனக்கு நிச்சயமில்லை.

"நான் பேசல" என்றார் பிரிகேடியர். மைக்கைக் கீழே இறக்கிவிட்டிருந்தார். "போன் போட்டேன், எடுக்கல. ஓகேன்னு போட்டுட்டேன். அவனுக்கு உடம்பு சரியில்ல, மனசுல. வெளிய தெரியாத காயம். ரொம்ப நாளா. எங்கிட்டயே சொன்னான். ஹார்ட் அட்டாக் இல்ல. இந்தம்மாவால இல்ல."

அரை நிமிடப் பேச்சு. உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

சித்தப்பா முன்வரிசையில் இருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் குரல் விட்டார்.

"ஏட்டி. குடிக்கத் தண்ணி கொண்டா."

அவள் கொண்டுவந்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். சொம்பு கைமாறியதும் பங்காளி வீட்டு ஆட்கள் இலைக்கு எழுந்தார்கள். பதினாறு நாள் விலக்கு அவ்வளவுதான்.

ஊரார் அப்புறம் என்னிடம் வந்து, "பெரிய அதிகாரியே சொல்லிட்டாருல்லா, சீக்குதான் போல" என்றார்கள். அவள் அழுதபடி சொன்னதும், நான் சொன்னதும், டாக்டர் சொன்னதும் அதே சொல். அது ஒரு பிளேசருக்குள்ளிருந்து வரவேண்டியிருந்திருக்கிறது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா, "சாம்பார் வாங்கிக்கிடும்வே" என்று உபசரித்தார். வாங்கிக்கொண்டேன். சாம்பார் நன்றாகவும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எனக்கு அருவருப்பு.

புறப்படும்போது அடுக்களைப் பக்கம் போனேன். அவள் அந்தச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டாரு, பாத்தீங்களா அண்ணே."

"பாத்தேன் தங்கச்சி. இனி ஊரு வாய் அடங்கிரும்."

"அடங்கும்" என்றாள். "இதே சொல்ல அவிய போன் போட்டுச் சொன்னாவளே. அன்னைக்கு உங்க பெரிய சார் நம்பியிருந்தா, இன்னைக்கு மைக்குல சொல்ல வேண்டியிருந்திருக்காது."

நான் தலையாட்டினேன். பைக்கை எடுத்தேன். மறுநாள் காலை குழுவில் ரோஜாப்பூ வந்தது, கொடி வந்தது, பாகற்காய் வந்தது. "ஓகே", "ஓகே" என்று ஓடியது. என் முறை வந்தபோது விரல் அந்த இரண்டு எழுத்துக்குப் போனது. போனை அணைத்துவிட்டு விடுதிச் சாம்பாரைப் பார்க்கப் போனேன். மதியம் போனைத் திறந்தபோது, நான் ஓகே என்று யாரோ எனக்காகப் போட்டுவிட்டிருந்தார்கள்.