அங்கமுத்து அண்ணனுக்குக் கேட்காத பீப்

ஒரே வாரத்தில் இரண்டு தடவை தேயிலை கருகிவிட்டதென்று எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. எண்பதுகளின் கடைசி. நான் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டெக்னீஷியன். கேமரன் மலையில் அந்த ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் பொருத்தியதும் அதற்குப் புரோகிராம் எழுதியதும் நான்தான். தேயிலை காயவைக்கும் டிரையரில் சூடு அளவு மீறினால், மதர்போர்டில் இணைத்த சின்ன ஸ்பீக்கர் பீப் அடிக்கும். டிரையர் பார்ப்பவர் உடனே சூட்டைக் குறைக்க வேண்டும்.

தாப்பா ரோடு வழியாக மலையேறிப் போய்ச் சோதித்தேன். ஸ்பீக்கர் சரி, புரோகிராம் சரி. சர்வீஸ் பாரத்தில் ‘கோளாறு இல்லை’ என்று எழுதி, ஃபேக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் நீட்டினேன்.

“அப்ப ஆளுதான் சரியில்ல. தூங்கிட்டான் லா,” என்றார் அவர். டிரையர் பார்க்கும் அங்கமுத்துவை மறுநாளிலிருந்து தேயிலைச் செடிகளுக்குப் பூச்சிமருந்தடிக்க அனுப்பப் போவதாகவும், எஸ்டேட் மேனேஜரான துரை சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார்.

அங்கமுத்துவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மருந்து பம்பைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கும் உடம்பில்லை.

சாமான்களை எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். சோதனை பீப்பை நிறுத்த மறந்திருக்கிறேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. நாலடி தள்ளி நின்ற அங்கமுத்து, முதுகைக் காட்டியபடி, இலையைக் கையில் அள்ளிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் என் உதட்டைப் பார்த்துச் சிரித்தார்.

பீப் கேட்கிறதா என்று கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“இருபது வருசம் இலை சுருட்டுற ரோலர் மெஷின் இரைச்சல்ல நின்னேன், தம்பி. ஆளு பேசுறது பாதி கேக்கும். இந்தக் குருவிச் சத்தம் மட்டும் கேக்கவே இல்ல. சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிடுவாங்கன்னு பயம்.”

அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, கேட்டால் கை தூக்கச் சொன்னேன். புரோகிராமில் பீப்பின் சுருதிக்கு நான் கொடுத்திருந்த எண் இரண்டாயிரம்; எண் குறைந்தால் கீச்சுச் சத்தம் கட்டைக் குரலாகும். ஈப்போ கடையின் அமைதியில் அது கணீரென்று கேட்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறாக்கினேன், அசைவில்லை. ஆயிரத்துக்குத் தலை லேசாகச் சாய்ந்தது. அறுநூறுக்கு இறக்கியதும் கை மேலே போனது.

துரையிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினார்.

துரை மலாய்க்காரர். முழுவதையும் கேட்டுவிட்டு, யார் தப்பு என்று மட்டும் கேட்டார். என்னுடையது என்றேன். டீமேக்கர் விடவில்லை. ஒருத்தன் காது கெட்டால் மெஷினைக் குறை சொல்வதா என்றார். துரை எங்கள் எல்லோரையும் டிரையர் அறைக்குக் கூட்டிப் போனார். பழைய எண்ணையே மறுபடி போட்டு பீப்பை ஓடவிட்டேன்.

டீமேக்கர் கைகட்டி நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, “எப்பத்தான் அடிக்கப் போறீங்க?” என்றார்.

“அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, சார்.”

அவரும் ரோலர் மெஷினில் நின்று வேலை பார்த்து மேலே வந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டீமேக்கர் நடந்துபோய் அங்கமுத்துவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மருந்தடிக்கும் பேச்சு அதோடு நின்றது. அறுநூறையே நிரந்தரமாக்கிவிட்டு இறங்கினேன். சோதனை செய்யும்போது நான் என் காதை மட்டுமே நம்பியிருந்தேன். பிறகு எந்த ஃபேக்டரியிலும், அங்கே நின்று வேலை செய்கிறவருக்குப் பீப் கேட்காதவரை நான் சர்வீஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்டதில்லை.