அறுத்த கயிறு

எங்கள் முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடி ஒரு நீல நைலோன் கயிறு. அதன் ஒரு முனை கத்தியால் அறுத்தது. வெயிலில் நிறம் மங்கிவிட்டது. அறுத்த இடம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. புதிய கயிறு வாங்கித் தருகிறேன் என்று மகள் சொல்லுவாள். நான் வேண்டாம் என்பேன். காரணம் சொல்ல எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் எழுதுவது கதைப்பதைவிடச் சுகமாக இருக்கிறது.

அதை அறுத்தவர் என் மனைவியின் அண்ணன். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். முல்லைத்தீவுக் கரையில் இருவரும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். யேசு பிறந்த நத்தார் திருநாளுக்கு மறுநாள் காலை சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறியபோது என் மனைவியும் மகளும் தப்பினார்கள். மச்சானுடைய மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. ஆனால் மாதங்கள் கழித்து அவருக்கு ஒரு படகு கிடைத்தபோது, கடலுக்குப் போக அவர் ஆயத்தமாக நின்றார். குறைவாக இழந்த நான் அலைச்சத்தம் கேட்டாலே நடுங்கினேன். கரையில் மீனவர் தங்கும் வாடியில் இருந்தவர்கள் என்னைக் 'கரை மாப்பிள்ளை' என்று பகிடி பண்ணினார்கள். மச்சானோ வேறு ஆள் பிடிக்காமல் எனக்காகக் காத்திருந்தார். நிவாரண அரிசியில் மகளை வளர்க்கிற வெட்கம் ஒருபக்கம், அவர் காத்திருப்பது மறுபக்கம். கடைசியில் போனேன்.

போகமுன் ஒரு வேலை செய்தேன். இந்தக் கயிற்றின் ஒரு முனையை உடுத்திருந்த சாரத்துக்குள் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் படகின் குறுக்குப் பலகையில் முடிந்தேன். கடல் என்னைப் படகிலிருந்து பறிக்கக் கூடாது என்பது என் எண்ணம். மேலே வலையைப் போட்டு மறைத்தேன். அதோடு நேர்த்திகளும் வைத்தேன். அந்தோனியாருக்கு மெழுகுதிரி, மடுமாதா கோயிலுக்கு நடை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பு. எல்லாவற்றிலும் 'என்னைக் காப்பாற்றினால்' என்று ஒரு சொல் இருந்தது. கயிறு என்னைப் படகோடு கட்டியது. நேர்த்தி கடவுளைக் கட்டப் பார்த்தது.

ஒருநாள் காலை கரைக்குத் திரும்பும்போது பெரிய அலைத்திரையொன்று படகைப் புரட்டியது. மச்சான் வெளியே விழுந்தார். நான் கவிழ்ந்த படகுக்குக் கீழே, கட்டின கட்டோடு கிடந்தேன். நனைந்த நைலோன் முடிச்சு இறுகிவிட்டது. நகம் பிய்ய இழுத்தேன். அந்தோனியாரைக் கூப்பிட்டேன், மடுமாதாவைக் கூப்பிட்டேன், இன்னும் என்ன தருவேன் என்று தேடினேன். தருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போது மனதுக்குள் சொன்னேன்: "ஆண்டவரே, எடுத்தாலும் விட்டாலும் நான் உமக்குத்தான்." கைகள் தாமாக ஓய்ந்தன. அந்த இருட்டுத் தண்ணீருக்குள் எனக்கு வந்த அமைதியை இன்றுவரை எந்தச் சொல்லாலும் சொல்ல முடியவில்லை. பிறகு யாரோ வயிற்றைத் தடவுவது தெரிந்தது. கயிறு விட்டுப்போனது.

கரையில் இருமி ஓய்ந்ததும் மச்சான் கயிற்றுத் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"மாட்டைத்தான் கட்டிறது மச்சான். உன்னை ஆரடா கட்டினது?"

"பயம்," என்றேன்.

"நீ துடிச்சிருந்தியெண்டா வலைக்கத்தி உன்ர வயித்திலதான் ஏறியிருக்கும். என்னெண்டு அடங்கினனீ?"

தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் வலைக்கத்தியை மணலில் குத்தி வைத்தார்.

"நானும் ஆண்டவரோட நல்லாச் சண்டை பிடிச்சனான். பேந்து களைச்சுப்போய், மனிசியையும் பிள்ளையளையும் என்னையும் அவற்ற கையில குடுத்திட்டன். அதுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

அடுத்த நாள் கயிறில்லாமல் போனேன். அதே கடல், அதே திரை. என் நெஞ்சுதான் வேறாக இருந்தது. ஆட்கள் முன்னால் வாய் திறக்காத நான் நடுக்கடலில் மாதா பாட்டை உரத்துப் பாடினேன்.

"மெல்லமாப் பாடு மச்சான், மாதாவுக்குக் காது நோகப்போகுது," என்றார் அவர்.

நேர்த்திகளையும் செய்து முடித்தேன். இப்போது அவற்றில் 'காப்பாற்றினால்' இல்லை, நன்றி மட்டும்.

சில வருடங்கள் கழித்து, போரின் கடைசிச் சண்டையில் மச்சான் செல் குண்டு பட்டு இறந்தார். என் கையாலேயே மண் போட்டேன். தண்ணீருக்குள் சொன்ன அதே வார்த்தையை அவருக்காகவும் சொன்னேன். அழுதேன்; ஆனால் உடையவில்லை. போர் முடிந்ததும் எங்களை அடைத்துவைத்த செட்டிகுளம் அகதி முகாமில் எங்கள் கூடாரத்தின் மூலையை இழுத்துக் கட்டியது இந்தக் கயிறுதான். சுற்றிவர முள்ளுக்கம்பி. அதற்குள்ளும் விடியற்காலையில் எழும்பி, விடுதலையான மனிதனாகச் செபம் சொன்னேன். என்னிடமிருந்து பறிக்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் முன்பே கொடுத்திருந்தேன்.

இன்று அந்தக் கயிற்றில் பேரப்பிள்ளையின் சின்னச் சட்டைகள் காய்கின்றன. அறுத்த முனை காற்றில் ஆடுகிறது. அதைத் தாண்டித்தான் நான் கடலுக்குப் போகிறேன். கரை மறைந்ததும் பாடத் தொடங்குவேன். காது நோகுமென்று சொல்ல ஆளில்லை. அவர் இப்போது மாதாவுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். அவருக்கும் கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் உரத்தே பாடுகிறேன்.