தரை தட்டிய தோணி

என் கணவர் துபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது எங்கள் மகளுக்கு ஏழு மாதம். அதற்கு முன் அவர் அவளைப் பார்த்ததில்லை. அவரைக் கண்டாலே அவள் அழுதாள். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் லீவில் வருகிறவர்களுக்கு வீட்டில் உட்கார நேரம் இருக்காது. உடன் வேலை செய்பவர்கள் கொடுத்துவிட்ட பார்சல்களை ஊர் ஊராகப் போய்ச் சேர்க்க வேண்டும். கடைசிப் பார்சல் பரங்கிப்பேட்டைக்கு.

"நீயும் வா" என்றார். "அங்கேருந்து பிச்சாவரத்துக்குத் தோணியிலயே போயிடலாம். பக்கத்துல கடலு, ஆனா அலையே இருக்காது. நாம ரெண்டு பேரும் எங்கதான் போயிருக்கோம், சொல்லு?"

அவருடைய அம்மாவுக்கு, என் மாமிக்கு, அது பிடிக்கவில்லை. "கைப்புள்ளய வச்சுக்கிட்டு தண்ணியில என்னடா சோலி?"

"ஒரே ஒரு நாளும்மா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எதைச் சொன்னாலும் ஒருவரை எதிர்த்ததாகும். "நீங்க சொல்றபடி செய்யறேன்" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. அதிலிருந்து டப்பாப் பால்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் கலக்க வேண்டும் என்று பெரம்பலூரில் நர்ஸ் சொன்னதிலிருந்து, கொதித்த தண்ணீரையே மறுபடி ஒரு தரம் கொதிக்கவைக்கிறவள் ஆகிவிட்டேன். பாட்டில் சரியாகக் கழுவினேனா என்று பாதித் தூக்கத்தில் எழுந்து பார்ப்பேன்.

எங்கள் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறுதான் பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. எங்கள் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் அது வெறும் மணல். கொட்டாங்கச்சியால் முழங்கை ஆழம் தோண்டினால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஊறிவரும். ஊற்று என்போம். ஆற்றுக்குப் போகிறவர்கள் யாரும் குடிக்கத் தண்ணீர் கொண்டு போவதில்லை. அப்படிக் கொண்டு போனால் சிரிப்பார்கள்.

பரங்கிப்பேட்டையில் பார்சலைக் கொடுத்த வீட்டில் எங்களைச் சாப்பிடவைத்தே விட்டார்கள். அவர்களுடைய தோணியையே தந்தார்கள். தள்ளுவதற்கு ஆளும் அனுப்புகிறோம் என்றார்கள். இவர் கேட்கவில்லை. "எங்கூரு ஆத்துல வெள்ளம் வந்தா நானே தோணி தள்ளுவேன். நாங்க ரெண்டு பேரும் போய்க்கிறோம்" என்றார். அந்த வீட்டு அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"குடிக்கத் தண்ணி வேணாமா வாப்பா?"

"நம்ம ஆத்துலதானே போறோம்! தண்ணியில போறவன் தண்ணியச் சுமப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பிளாஸ்கில் ஒரு வேளைப் பாலுக்குத்தான் வெந்நீர் இருந்தது. அந்தக் குடத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. பிறத்தியார் வீட்டு வாசலில் அவர் பேச்சை மறுத்துப் பேசுவதா என்று அடக்கிக்கொண்டேன். ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவர், அவருக்குத் தெரியாதா என்றும் சமாதானம் செய்துகொண்டேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஆற்றை விட்டுத் தெற்கே பிரிகிற உப்பங்கழியில் அவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். ஒரு மீன் தண்ணீருக்கு மேலே எகிறி விழுந்தது. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சிரிச்சுட்டா! பாத்தியா, என்னையப் பாத்துதான்!" என்று கழியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தோணி தானாகவே போயிற்று. அவளை இன்னும் சிரிக்கவைக்கலாம் என்று சுரபுன்னை மரங்கள் இருபக்கமும் கவிந்திருந்த ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் தோணியைத் திருப்பினார். பிளாஸ்க் தண்ணீரில் பால் கலந்து கொடுத்தேன். என் வெள்ளைத் துப்பட்டியைக் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு அவளைத் தூங்கவைத்தேன்.

மரங்களின் வேர்கள் வெளியே தெரியத் தொடங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன்.

"தண்ணி குறையுது மச்சான்."

"மேல எங்கயாச்சும் அணையில ஷட்டர எறக்கியிருப்பான்."

பள்ளிக்கூடத்தில் கடலின் ஏற்றவற்றம் பற்றிப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனாலும் அந்தப் பாடமும் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரும் ஒன்றுதான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. "கடலு வத்துதோ என்னமோ" என்றேன். "அது கடலுல. இது ஆறு" என்றார். அதற்குள் தோணியின் அடி சேற்றில் அமர்ந்துவிட்டது. அவர் இறங்கித் தள்ளப் பார்த்தார். தொடை வரை புதைந்தார். ஏறி வருவதே பெரும்பாடாகிவிட்டது.

அப்புறம் எதுவும் அசையவில்லை. பக்கத்தில் எங்கேயோ கடல் இரைந்தது. முன்னாலும் பின்னாலும் சேறு, இரண்டு பக்கமும் வேர்கள், மேலே வெயில். பிள்ளை எழுந்துகொண்டாள். மடியில் டப்பா நிறையப் பால்பவுடர் இருந்தது, கலக்கத் தண்ணீர் இல்லை. நான் டப்பாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பவுடரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இன்னும் வீறிட்டாள்.

கொஞ்சம் தள்ளி மணல் திட்டு ஒன்று தெரிந்தது. அவர் டப்பா மூடியை வாங்கிக்கொண்டு சேற்றில் தவழ்ந்து போய் ஊற்றுத் தோண்டினார். நீர் ஊறியது. அள்ளி வாயில் வைத்தார். உப்பு. துப்பினார். இன்னோர் இடத்தில் தோண்டினார். நாலைந்து குழி தோண்டியபின் திரும்பி வந்து தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே மாமி எதிரில் வரவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வாசலில் குடத்தைக் கை நீட்டி வாங்கியிருக்கலாம். பிள்ளையின் அழுகை கரகரத்து, பிறகு சத்தம் குறைந்துவிட்டது. உதடு காய்ந்திருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்கள் வந்தார்கள். மூன்று பேர். வாய்க்காலில் மிஞ்சியிருந்த சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இறால் போட ஆளுக்கொரு ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி பறியைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினாள்.

"தண்ணி பெருவுற வரைக்கும் தோணி நவுராது. புள்ள ஏன் துவண்டு கெடக்கு?"

"பசி. பாலு கலக்கத் தண்ணியில்ல. உங்ககிட்ட கொஞ்சம் இருக்குமா?"

"கொண்டாந்தது அப்பவே தீந்துபோச்சு." அவள் என்னையும் பிள்ளையையும் பார்த்தாள். "எனக்கும் கைப்புள்ள இருக்கு. பையன். வூட்டுல வுட்டுட்டு வந்து மாரு கட்டிக்கிட்டு உயிரு போவுது. குடு இப்படி."

நான் அவரைப் பார்த்தேன். எங்கள் மார்க்கத்தில் ஒரு பிள்ளை இன்னொரு தாயிடம் பால் குடித்துவிட்டால் அந்தத் தாயும் அதற்குத் தாய், அவள் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. கல்யாணம் பேசும்போதுகூட இதைக் கேட்பார்கள்.

"ஒரு தடவ குடிச்சாலும் உறவுதான், தெரியும்ல?" என்றார் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"அம்மா கேட்டா என்ன சொல்றது?"

எனக்கும் அதே பயம்தான். யாரோ எவரோ என்றும் ஒரு கணம் நினைத்தேன். இப்போது மறைப்பானேன், அப்படியும் நினைத்தேன். மடியில் பிள்ளை வாயைத் திறந்து மூடினாள். அவரிடம் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும். பிள்ளையைத் தூக்கி நீட்டினேன்.

அவள் தோணியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, மார்புச் சேற்றைத் துடைக்க எதுவும் இல்லாமல் சுற்றிப் பார்த்தாள். துப்பட்டி முனையைக் கொடுத்தேன்.

"அய்யா, நீங்க அந்தாண்ட திரும்பிக் குந்துங்க. நண்டு போவும், எண்ணிக்கிட்டு இருங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருத்தி, "தண்ணியில்லாத எடத்துல தோணி வுடுறவருக்கு எண்ணத் தெரியுமாடி?" என்றாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை முட்டி முட்டிக் குடித்தாள். விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. என் உலர்ந்த மார்பில் ஒரு கூச்சம் ஓடியது. சந்தோஷமா பொறாமையா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்தபோது வேர்களுக்கிடையில் தண்ணீர் திரும்பி வந்தது. அந்தப் பெண்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். நாங்கள் பிச்சாவரம் போகவில்லை. வந்த வழியே திரும்பினோம். ஊர் போகும் பஸ்ஸில், "வீட்ல சொல்ல வேணாம்" என்றார். நான் தலையாட்டினேன்.

மாமி பிள்ளையை வாங்கிய உடனே கேட்டார். "போற வழியில என்ன குடிச்சா?"

சொல்லிவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். மாமி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அவளுக்கு ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?"

"பையன்."

"அவ பேரு?"

கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை.

"எம் பேத்திக்குப் பாலு குடுத்தவ. ஒரு சேல குடுக்க வேணாமா? பேரு கேக்காம வந்திருக்கீங்க, ரெண்டு பேரும் படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையுடன் அடுப்படிக்குப் போனார்.

அடுத்த வாரம் அவர் துபாய்க்குக் கிளம்பிப் போனார். நான் தனியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போய்த் தேடுவதென்பது எங்கள் வீட்டில் நினைக்கவே முடியாத காரியம். ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். "அவன் லீவுல வரட்டும்" என்றார் மாமி. அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் இருந்தது.